சமையல் மூலிகைகளின் வாசனை எண்ணெய்கள் வீக்கத்தையும் நோவையும் குறைக்குமா? வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முழங்கால் நோவுக்குக் கற்பூரவள்ளி, பல்வலிக்குக் கராம்பு, தடிமனுக்குத் துளசி என்று கைவைத்தியம் வன்னியில் ஒருநாளும் நின்றதில்லை. இப்போது அதே மூலிகைகளின் பெயரோடு சின்னப் போத்தல்களும் கடைகளுக்கு வந்துவிட்டன. இலையைப் பற்றி ஆச்சிமாருக்கு நன்றாகத் தெரியும். போத்தலில் இருப்பது வேறு வலுவுள்ள பொருள். அதை இலையைப் போலவே நினைத்துப் பாவிப்பவர்களைப் பார்க்கும்போது பயமாக இருக்கிறது. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார்ப் பக்கங்களில் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கு என்னால் முடிந்த அளவு விளக்கமாக இங்கே பதில் எழுதுகிறேன்.

வாசனை எண்ணெய் என்பது நல்லெண்ணெய், தேங்காயெண்ணெய் மாதிரியா?

இல்லை. நல்லெண்ணெய் கொழுப்பு. வாசனை எண்ணெயில் கொழுப்பே கிடையாது. காற்றில் பறந்துபோகும் பல சின்ன மூலக்கூறுகள் கலந்த திரவம் அது. ஒரு துளியை வெள்ளைத் தாளில் விட்டுப் பாருங்கள், நல்லெண்ணெய் கறையாக நிற்கும். சுத்தமான வாசனை எண்ணெய் பெரும்பாலும் கறையே இல்லாமல் காய்ந்துவிடும்.

செடி இதைத் தன் தேவைக்குத்தான் செய்கிறது, பூச்சியையும் பூஞ்சையையும் விரட்ட. கற்பூரவள்ளியிலும் துளசியிலும் இலையின் மேலுள்ள நுண்ணிய சுரப்பி மயிர்களில் எண்ணெய் இருக்கும். அதனால்தான் கை பட்டவுடனே மணக்கிறது. கறிவேப்பிலை, தேசி, வில்வம், விளாத்தி எல்லாம் ஒரே குடும்பம். அவற்றில் எண்ணெய் இலைக்குள்ளேயே சின்னப் பைகளில் இருக்கும். தேசி இலையொன்றை வெயிலுக்கு நேரே பிடித்தால் ஊசி குத்தியது போன்ற வெளிச்சப் புள்ளிகள் தெரியும். அவைதான் அந்தப் பைகள்.

மூலிகையின் ஊடாக நீராவியைச் செலுத்தி, வரும் ஆவியைக் குளிரவைத்தால் எண்ணெயும் தண்ணீரும் தனித்தனியாகப் பிரியும். காய்ந்த கராம்பு மொட்டில் எண்ணெய் நூற்றுக்குப் பதினைந்துக்கும் மேல் இருக்கும். ஆனால் பச்சை இலைகளில் பொதுவாக ஒரு சதவீதம்கூட வராது. இலையில் ஆயிரத்துக்கு இரண்டு பங்கு எண்ணெய் என்று வைத்தால், ஒரு மில்லிலீற்றர் எண்ணெய் எடுக்க ஏறக்குறைய அரைக் கிலோ இலை வேண்டும். யாரும் ஒரு நேரத்தில் அரைக் கிலோ துளசி தின்பதில்லை. கீழே நான் சொல்லும் எச்சரிக்கைகளில் பாதி இந்தக் கணக்கிலிருந்துதான் வருகின்றன.

அழற்சி என்றால் என்ன? இந்த எண்ணெய்கள் அதில் எங்கே குறுக்கிடுகின்றன?

முள் குத்திய இடம் சிவந்து, சுட்டு, வீங்கி, நோகிறதல்லவா? அதுதான் அழற்சி. உடம்பு தன்னைக் காப்பாற்றச் செய்யும் வேலை அது. இரத்தக் குழாய்கள் விரிகின்றன, வெள்ளணுக்கள் வந்து சேருகின்றன, கிருமியும் சிதைந்த திசுவும் அகற்றப்படுகின்றன. அழற்சியே இல்லாவிட்டால் புண் ஆறாது. வேலை முடிந்த பிறகும் அது அடங்காமல் மூட்டிலோ குடலிலோ மாதக்கணக்கில் நின்றால்தான் அது நோய்.

இதை நடத்தும் பொருட்களில் முக்கியமானவை புரோஸ்டாகிளான்டின்கள். சைக்ளோஆக்சிஜனேஸ் என்ற நொதி இவற்றை உண்டாக்குகிறது. அஸ்பிரின் இந்த நொதியைத்தான் தடுக்கிறது என்று 1971இல் ஜோன் வேன் காட்டினார், 1982இல் நோபல் பரிசில் அவருக்கும் பங்கு கிடைத்தது. நோ மாத்திரைகளான டைக்குளோபெனாக், ஐபுபுரூபன் ஆகியவையும் இதே வழியில்தான் வேலை செய்கின்றன. மூலிகை எண்ணெய்களில் உள்ள சில பொருட்கள் இதே நொதியையோ, அதற்கு முன்னால் உயிரணுவுக்குள் அழற்சிக்கான மரபணுக்களை இயக்கும் சமிக்ஞையையோ தணிக்கின்றன என்பது ஆய்வுகூடத்தில் பலமுறை காணப்பட்டிருக்கிறது.

எந்த மூலிகையில் என்ன இருக்கிறது?

கற்பூரவள்ளியிலிருந்து தொடங்குகிறேன், வன்னியில் அது இல்லாத முற்றம் குறைவு. அதன் எண்ணெயில் பெரும்பங்கு கார்வக்ரோல், தைமோல் என்ற இரண்டும். ஓமத்தின் காரமான மணமும் தைமோல்தான். மேல்நாட்டுச் சமையலில் போடும் ஒரிகானோ, தைம் இரண்டிலும் இதே சோடிதான் இருக்கிறது. ஆகவே அவற்றைப் பற்றி வந்த ஆய்வுகள் பல நம்முடைய கற்பூரவள்ளிக்கும் ஓரளவு பொருந்தும். சைக்ளோஆக்சிஜனேஸ்-2 என்ற, அழற்சியின்போது கூடும் நொதியின் உற்பத்தியைக் கார்வக்ரோல் குறைக்கிறது என்று 2010இல் யப்பானிய ஆய்வாளர்கள் உயிரணுக்களில் காட்டினார்கள்.

துளசியிலும் கராம்பிலும் முக்கியமானது யூஜினோல். கராம்பு எண்ணெயில் அது நூற்றுக்கு எழுபது முதல் தொண்ணூறு வரை. பல்வைத்தியர்கள் துத்தநாக ஒக்சைட்டோடு யூஜினோலைக் கலந்து பல் குழிக்குள் வைப்பது நீண்டகால வழக்கம். அது நரம்பை மரக்கவைக்கிறது, அழற்சியையும் ஓரளவு அடக்குகிறது. மூலிகை எண்ணெய்ப் பொருட்களுள் மனிதரில் நன்றாகப் பழகிப்போனது இதுதான். சித்த வைத்தியத்திலும் கராம்புத் தைலத்துக்குப் பல்வலியில் இடம் உண்டு.

என்னை அதிகம் வியக்கவைத்தது பீற்றா-கரியோபிலீன். கறிவேப்பிலை, மிளகு, கராம்பு, துளசி எல்லாவற்றிலும் இது வெவ்வேறு அளவில் இருக்கிறது. 2008இல் சுவிட்சர்லாந்து, ஜேர்மனி ஆய்வாளர்கள் இது நம் உடம்பின் கன்னாபினோயிட்-2 ஏற்பியோடு (உயிரணுவில் சமிக்ஞையை வாங்கும் புரதத்தோடு) நேரடியாக ஒட்டுகிறது என்று கண்டார்கள். கஞ்சாவின் பொருட்கள் ஒட்டும் ஏற்பிக் குடும்பம்தான் இது. ஆனால் மயக்கம் தரும் முதலாவது ஏற்பியில் இது ஒட்டுவதில்லை. இரண்டாவது ஏற்பி பெரும்பாலும் நோயெதிர்ப்பு உயிரணுக்களில் இருப்பது, அது தூண்டப்பட்டால் அழற்சி தணிகிறது. வாயால் கொடுத்தபோதும் எலிகளில் வீக்கம் குறைந்தது. தாளிதத்தில் தினமும் போடுகிற ஒரு பொருளில் இப்படி ஒரு வழி ஒளிந்திருக்கிறது!

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கொத்தமல்லி விதையில் லினலூல், எலுமிச்சைப் புல்லில் சிட்ரால், கறுவாப் பட்டையில் சின்னமால்டிகைட். கறுவா இலையின் எண்ணெயிலோ பெரும்பாலும் யூஜினோல். பெப்பர்மின்ட் புதினாவில் மென்தோல், அது தோலின் குளிர் உணரும் நரம்பைத் தொட்டு நோவை மறக்கடிக்கிறது. அது அழற்சியை அடக்குவதை விட நரம்புக்குக் கொடுக்கும் குளிர்ச்சிதான் அதிகம்.

மஞ்சள், இஞ்சி எண்ணெய்கள்? அவைதானே எல்லாவற்றையும் விட வலுவானவை?

இங்கேதான் நிறையப் பேர் காசை வீணாக்குகிறார்கள். மஞ்சளின் புகழுக்குக் காரணமான குர்குமின் நீராவியோடு வராது. இஞ்சியின் உறைப்பான ஜிஞ்சரோலும் அப்படித்தான். காய்ச்சி வடித்த மஞ்சள் எண்ணெயில் டர்மரோன்கள் இருக்கும், இஞ்சி எண்ணெயில் சிஞ்சிபெரின் இருக்கும். அவற்றுக்கும் ஆய்வுகூடத்தில் அழற்சி குறைக்கும் குணம் காணப்பட்டிருக்கிறது. ஆனால் நீங்கள் எதை நினைத்து வாங்கினீர்களோ அது அந்தப் போத்தலில் இல்லை. இஞ்சியையும் வேர்க்கொம்பையும் மஞ்சளையும் கறியிலும் ரசத்திலும் சாப்பிடுவதுதான் எல்லாப் பொருளும் சேர்ந்து கிடைக்கும் வழி.

இதெல்லாம் மனிதரில் நிரூபிக்கப்பட்டதா?

பெரும்பகுதி இல்லை. ஆய்வுகளில் அதிகமானவை இரண்டு வகை. ஒன்று, எலியின் வெள்ளணுக்களைத் தட்டில் வளர்த்து, பற்றீரியாவின் மேலுறைப் பொருளால் அவற்றைச் சீண்டி, எண்ணெய் விட்டதும் அழற்சிப் பொருட்கள் குறைகின்றனவா என்று பார்ப்பது. மற்றது, கடற்பாசியிலிருந்து எடுக்கும் கராஜினன் என்ற பொருளை எலியின் பாதத்தில் ஏற்றி வீங்கவைத்து, எண்ணெய் கொடுத்தால் வீக்கம் எவ்வளவு வடிகிறது என்று அளப்பது. இவற்றில் நல்ல பலன் வந்த எண்ணெய்கள் ஏராளம். ஆனால் தட்டில் உயிரணு எண்ணெயில் நேராக நனைகிறது. நாம் வாயால் எடுத்தால் ஈரல் யூஜினோல் போன்றவற்றை வேகமாக மாற்றிச் சிறுநீரில் அனுப்பிவிடும். மூட்டு வரை போய்ச் சேருவது கொஞ்சம்தான்.

மனிதரில் செய்த ஆய்வுகளும் உண்டு. முழங்கால் தேய்வுக்கு இஞ்சி எண்ணெய் கலந்து உருவியபோது நோ குறைந்ததாகச் சில சிறிய ஆய்வுகள் சொல்கின்றன. அவற்றில் ஒரு சிக்கல் எப்போதும் இருக்கும். மணத்தை மறைக்க முடியாது, ஆகவே தனக்கு எது பூசப்படுகிறது என்று நோயாளிக்குத் தெரிந்துவிடும். உருவியதால் வந்த சுகம் எவ்வளவு, எண்ணெயால் வந்த சுகம் எவ்வளவு என்று பிரிப்பதும் கடினம். குடலில் கரையும் உறைக்குள் அடைத்த பெப்பர்மின்ட் எண்ணெய்க்குக் குடல் பிடிப்பு நோவில் நல்ல ஆதாரம் உண்டு, ஆனால் அது தசையைத் தளர்த்துவதால் வரும் பலன்.

என் எண்ணம் இது: இந்தக் குணம் உண்மை, பொய்யில்லை. ஆனால் மூட்டுவாதத்துக்கோ வேறு எந்த நாட்பட்ட நோய்க்கோ மாத்திரையை நிறுத்திவிட்டு நம்பும் அளவுக்கு அது வளரவில்லை. குறிப்பாகக் காலையில் விரல்கள் மடக்க முடியாமல் இறுகும் வாதமூட்டழற்சியில் மூட்டே அரிக்கப்படுகிறது. எண்ணெய் பூசிக்கொண்டு ஆறு மாதம் காத்திருந்தால் போன மூட்டு திரும்பாது.

சமைக்கும்போது இந்த எண்ணெய் பறந்துவிடாதா?

ஒரு பகுதி பறக்கும். அடுப்படி மணக்கிறது என்றால் அதுதான் போகிறது. மல்லித் தண்ணியோ துளசித் தேத்தண்ணியோ போடும்போது மூடி கொதிக்கவிடுங்கள், இறக்கிய பிறகும் கொஞ்ச நேரம் மூடியே வையுங்கள். மூடியின் உட்புறம் திரளும் துளிகளைத் திரும்பப் பாத்திரத்துக்குள் விடுங்கள். வாசனைப் பொருட்கள் எண்ணெயில் நன்றாகக் கரையும், ஆகவே தாளிதம் சும்மா சுவைக்கான வழக்கம் மட்டுமில்லை. கறிவேப்பிலையைக் கருகவிடாமல் சூடான எண்ணெயில் போட்டு உடனே கறியில் கொட்டினால் நிறையவே தங்கும். மிளகு, நற்சீரகம், மல்லியை அன்றன்றைக்கு இடியுங்கள். இடித்து வைத்த தூள் வாரக்கணக்கில் மணத்தை இழந்துகொண்டே இருக்கும்.

இலை காயவைப்பதானால் நிழலில்தான். வன்னி வெயிலில் சாக்கில் பரப்பி ஒரு பகல் விட்டால் மிஞ்சுவது பச்சை நிறச் சருகு.

கிட்னி வருத்தம் என்று நோ மாத்திரை வேண்டாம் என்றுவிட்டார்கள். அதற்குப் பதிலாக எண்ணெய் குடிக்கலாமா?

இந்தக் கேள்விதான் நம்முடைய பக்கத்தில் எல்லாவற்றிலும் பெரியது. உலர் வலயத்தில் காரணம் இன்னும் முடிவாகாத நாட்பட்ட சிறுநீரக நோய் வவுனியாப் பக்கத்தையும் விட்டுவைக்கவில்லை. வயலில் குனிந்து நிமிர்ந்த உடம்புக்கு முதுகு நோவும் முழங்கால் நோவும் கூடவே இருக்கும். டைக்குளோபெனாக், ஐபுபுரூபன் வகை மாத்திரைகள் சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தத்தைக் குறைக்கும் என்பதால் வைத்தியர்கள் அவற்றைத் தடுக்கிறார்கள். அந்தத் தடை சரியானது, தயவுசெய்து மீறாதீர்கள்.

ஆனால் எண்ணெய் குடிப்பது அதற்கு மாற்று இல்லை. சிறுநீரகம் பழுதானவர்களில் வாசனை எண்ணெய் குடிப்பது பாதுகாப்பு என்று யாரும் காட்டவில்லை. ஈரல் மாற்றி அனுப்பும் பொருட்களை வெளியேற்ற வேண்டியதும் அதே சிறுநீரகம்தான். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ‘இயற்கை’ என்று கைநிறைய இலையை அரைத்துச் சாறாகக் குடிப்பதும் இவர்களுக்குக் கூடாது. இலைச்சாறுகளில் பொட்டாசியம் அதிகம், நோய் முற்றிய சிறுநீரகம் அதை வெளியேற்றாது, இதயம் தடுமாறும். கறியில் போடும் அளவு கறிவேப்பிலையும் மல்லியும் பயமில்லை, கிளினிக்கில் தந்த உணவுக் கட்டுப்பாட்டுக்குள் நின்றால் போதும்.

நோவுக்கு என்ன செய்வது? பரசிட்டமோலை வைத்தியர் சொன்ன அளவில் எடுக்கலாம். வெந்நீர் ஒத்தடம், தொடைத் தசைக்கான பயிற்சி, வெளியே பூச மெல்லிதாகக் கலந்த எண்ணெய் எல்லாம் சேர்ந்து நிறையப் பேருக்கு ஆறுதல் தரும். எண்ணெய் பூசுவதையும் கிளினிக்கில் மறைக்காமல் சொல்லுங்கள்.

வெளியே பூச எப்படிக் கலப்பது?

கடை எண்ணெயானால் 30 மில்லிலீற்றர் நல்லெண்ணெய் அல்லது தேங்காயெண்ணெயில் ஆறு துளி. அது ஏறக்குறைய ஒரு சதவீதம். வயதுவந்தவர்களுக்கு அதுவே தொடங்கப் போதும். கராம்பு எண்ணெயானால் பாதிதான். கறுவாப் பட்டை எண்ணெயைத் தோலில் பூசவே வேண்டாம், சுட்டுப்போடும். முதலில் முழங்கையின் உட்புறம் ஒரு துளி தடவி ஒரு நாள் பாருங்கள். சிவந்தால் அந்த எண்ணெய் உங்களுக்கு வேண்டாம். நோவைக் குறைக்க வந்த எண்ணெயே தோலில் அழற்சியை உண்டாக்குவது அரிதில்லை.

வீட்டிலேயே செய்வதுதான் எனக்குப் பிடித்த வழி. எள்ளு விளையும் ஊரில் நல்லெண்ணெய்க்குப் பஞ்சமில்லை. கற்பூரவள்ளி இலையைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, நிழலில் ஒரு பகல் வாடவிட்டு, கிள்ளிப் போட்டு மெல்லிய நெருப்பில் வையுங்கள். அந்த இலை தடிப்பானது, தண்ணீர் நிறைய இருக்கும். சலசலப்பு அடங்கி இலை மொறுமொறுப்பானால் தண்ணீர் போய்விட்டது என்று அர்த்தம். கருகுமுன் இறக்கி, வடித்து, காய்ந்த கண்ணாடிப் போத்தலில் வையுங்கள். தண்ணீர் மிஞ்சினால் பூஞ்சை பிடிக்கும். வாசனைப் பொருளில் ஒரு பங்கு சூட்டில் போய்விடும்தான், ஆனால் மிஞ்சுவது தோலைச் சுடாத வலுவில் இருக்கும். உள்ளி போட்ட எண்ணெயைச் சாப்பாட்டுக்காகச் சேமித்து வைக்க வேண்டாம், காற்றில்லாத எண்ணெய்க்குள் கொடிய நச்சுக்கிருமி வளரலாம்.

காய்ச்சலும் மூட்டு நோவும் சேர்ந்து வந்தால் எண்ணெய் பூசலாமா?

மாரிமழை தொடங்கி நுளம்பு பெருகும் காலத்தில் அந்தச் சோடியைச் சும்மா எடுக்கக்கூடாது. டெங்குவாக இருக்கலாம், சிக்குன்குனியாவாக இருக்கலாம். 2006இல் சிக்குன்குனியா வந்தபோது நடக்க முடியாமல் கிடந்தவர்களை இன்னும் நினைவிருக்கும். இரத்தப் பரிசோதனை செய்யும் வரை டெங்கு என்றே நினைத்து நடவுங்கள்: காய்ச்சலுக்குப் பரசிட்டமோல் மட்டும், அஸ்பிரினும் டைக்குளோபெனாக்கும் இல்லை. அவை இரத்தக் கசிவைக் கூட்டும். கராம்பு எண்ணெயைக் குடிப்பதும் இந்த நேரத்தில் ஆபத்து, யூஜினோலும் இரத்தத் தட்டுக்கள் ஒட்டுவதைக் குறைக்கக்கூடியது. வின்டர்கிறீன் எண்ணெய் சேர்ந்த தைலங்களில் உள்ளது மெத்தில் சலிசிலேற், அது அஸ்பிரினுக்கு உறவு. உடம்பு முழுக்க அள்ளிப் பூச வேண்டாம். மல்லித் தண்ணி, கஞ்சி, இளநீர் தாராளமாகக் கொடுங்கள். காய்ச்சல் விட்ட பிறகுதான் டெங்குவில் ஆபத்தான கட்டம் தொடங்கும். வயிற்று நோ, விடாத வாந்தி, சோர்வு என்றால் அந்த நிமிடமே வைத்தியசாலை.

சிக்குன்குனியா என்று உறுதியான பிறகு மாதக்கணக்கில் நிற்கும் மூட்டு நோவுக்கு மெல்லிய கற்பூரவள்ளி எண்ணெயும் ஒத்தடமும் துணைக்கு இருக்கலாம்.

போரில் பட்ட பழைய காயம், உள்ளே செல் (எறிகணை) துண்டு. குளிர் நாட்களில் நோகிறது. இந்த எண்ணெய்கள் உதவுமா?

வன்னியில் இந்தக் கேள்விக்கு ஒற்றை வரியில் பதில் சொல்வது நியாயமில்லை. 2009இல் போர் முடிந்து இத்தனை வருடமாகியும் உடம்புக்குள் இரும்பைச் சுமந்துகொண்டு வேலைக்குப் போகிறவர்கள் நம் நடுவில் இருக்கிறார்கள்.

முதலில் அந்த நோ எந்த வகை என்று பார்க்க வேண்டும். மின்சாரம் அடித்தது போல, எரிவது போல, இல்லாத காலில் நோவது போல இருந்தால் அது நரம்பு நோ. அழற்சிக்கான எண்ணெய் அதைத் தொடாது, டைக்குளோபெனாக்கும் தொடாது. அதற்கென்று வேறு மருந்துகள் இருக்கின்றன, கேட்டு வாங்குங்கள். பொறுத்துக்கொள்வதுதான் விதி என்று இருந்துவிடாதீர்கள். தசை இறுகிய நோவாக இருந்தால் வெந்நீர் ஒத்தடமும் எண்ணெயும் சுகம் தரும். ஆனால் துண்டு தோலுக்கு அருகில் தட்டுப்படுகிற இடத்தை அழுத்தி உருவ வேண்டாம். எந்த எண்ணெயும் இரும்பைக் கரைக்காது, அப்படிச் சொல்லி விற்பவரை நம்பாதீர்கள். அந்த இடம் புதிதாகச் சிவந்து சுட்டால், சீழ் கண்டால் சத்திரசிகிச்சை கிளினிக்குக்குப் போங்கள்.

செயற்கைக்கால் போடுபவர்கள் எண்ணெயை இரவில் மட்டும் பூசி, காலையில் சவர்க்காரம் போட்டுக் கழுவித் துடைத்த பிறகு காலை மாட்டுங்கள். எண்ணெய்ப்பசை இருந்தால் தோல் ஊறி வழுக்கி உரசும், புண்ணாகும். தோல் வெடித்திருந்தால் எண்ணெயே வேண்டாம்.

குழந்தைகளுக்கு?

கராம்பு எண்ணெய் ஒன்றிலிருந்து இரண்டு தேக்கரண்டி குடித்த இரண்டு வயதுக் குழந்தை மயங்கி, வலிப்பு வந்து, ஈரல் பாதிக்கப்பட்டது மருத்துவ ஏட்டில் பதிவாகியிருக்கிறது. கற்பூரமும் யூக்கலிப்டஸ் எண்ணெயும் மிகச் சிறிய அளவிலேயே வலிப்பைக் கொண்டுவரும். மென்தோலைக் கைக்குழந்தையின் மூக்கருகில் தடவினால் மூச்சுக்குழல் இறுகலாம். ஆகவே சின்னப் பிள்ளைகளுக்கு எந்த வாசனை எண்ணெயும் உள்ளே கொடுக்க வேண்டாம், முகத்திலும் நெஞ்சிலும் பூச வேண்டாம். சளிக்குக் கற்பூரவள்ளி இலையை வாட்டிப் பிழிந்த சில துளி சாற்றைத் தேனோடு கொடுப்பது ஒரு வயதுக்கு மேல் சரி, அதற்கு முன் தேனே கூடாது.

போத்தலை எடுத்துக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்கவைக்காதீர்கள், எண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடும். 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழைத்து, போத்தலையும் கையோடு கொண்டுபோங்கள்.

வாங்கும்போது எதைப் பார்ப்பது?

செடியின் தாவரவியல் பெயர், எந்தப் பகுதியிலிருந்து எடுத்தது, காலாவதித் திகதி, கறுத்த கண்ணாடிப் போத்தல். எல்லா எண்ணெயும் ஒரே விலை என்றால் உள்ளே இருப்பது வாசனைத் திரவம்தான். தகரக் கூரைக்குக் கீழே அலுமாரியில் வைக்காதீர்கள். சூட்டிலும் காற்றிலும் லினலூல், லிமோனீன் போன்றவை ஒக்சைட்டாகித் தோல் ஒவ்வாமையைத் தூண்டும் பொருட்களாக மாறும். பழைய எண்ணெய் கடிப்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். பிழிந்தெடுத்த தேசி எண்ணெயைப் பூசிக்கொண்டு வயலுக்கு இறங்க வேண்டாம், வெயில் பட்டால் கொப்பளித்துக் கறுக்கும். தேசிச் சாறும் இதையே செய்யும்.

யார் தொடவே கூடாது?

வார்பரின் போன்ற இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து எடுப்பவர்கள், சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்தவர்கள், ஈரல் நோயாளர்கள், கர்ப்பிணிகள் ஆகியோர் எந்த வாசனை எண்ணெயையும் உள்ளே எடுக்கக்கூடாது. ஆஸ்துமா உள்ளவர்களுக்குக் கடும் மணமே இழுப்பைக் கொண்டுவரலாம். மற்றவர்களுக்கும் குடிப்பதற்கென்று நான் எதையும் பரிந்துரைக்கமாட்டேன். சித்த வைத்தியரிடம் போனால் இப்போது எடுக்கும் ஆங்கில மருந்துகளின் கொப்பியையும், கிளினிக்குக்குப் போனால் பூசும் எண்ணெயின் போத்தலையும் எடுத்துக்கொண்டு போங்கள்.